கழட்டுற பேட்டரிக்கு நாமளே செய்யுற வெளி சார்ஜர்

சார்ஜிங் பின் ஆடிப்போன போன், பின் நல்லா இருந்தும் உள்ள சார்ஜைக் கவனிக்கிற ஐசி (சில்லு) போய் ஒரு பர்சன்ட் கூட ஏறாத போன், ஸ்பேர் பேட்டரி கையில இருந்தும் அதை சார்ஜ் பண்றதுக்காகவே ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி மாத்தவேண்டிய போன்... இப்படி எதாவது ஒண்ணு வச்சிருக்கீங்கன்னா இந்தப் பதிவு உங்களுக்குத்தான். பேட்டரி கழட்டுற மாதிரி இருந்தா போதும், அதை வெளிய எடுத்து தனியா சார்ஜ் போட்டுக்கலாம், அதுக்கு ஒரு குட்டி சார்ஜரை நாமளே செஞ்சுக்கலாம், நான் செஞ்சு வச்சிருக்கேன், நல்லா ஓடிட்டு இருக்கு. அப்பாவோட பழைய பட்டன் போன்தான் இதுக்கெல்லாம் காரணம், அதுல இருக்குற நம்பரும் மெசேஜும் வேற எங்கயும் கிடையாது, பின்னை மாத்தலாம்னு பார்த்தா போர்டுல சால்டர் புடிக்கிற இடமே பிஞ்சு வந்துடுச்சு, ஆனா பேட்டரில சார்ஜ் இருந்தா போன் ஜம்முனு ஆன் ஆகும்.

ஆரம்பிக்கும்போதே ஒண்ணு அழுத்திச் சொல்லிடறேன். பழைய யூஎஸ்பி கேபிளை வெட்டி, செகப்பு ஒயரை பிளஸ்லயும் கருப்பு ஒயரை மைனஸ்லயும் வச்சு டேப் ஒட்டிட்டா சார்ஜ் ஏறிடும்னு காட்டுற வீடியோ எக்கச்சக்கமா சுத்துது. ஏறும்தான், ஏறாம இல்ல. ஆனா அதை செய்யாதீங்க, ஒரு தடவை கூட செய்யாதீங்க. யூஎஸ்பில வர்றது 5 வோல்ட், சாதா லித்தியம் அயான் பேட்டரி தாங்குறது 4.2 வோல்ட், நடுவுல நிறுத்த யாருமே இல்ல. பேட்டரிக்கு உள்ளயே ஒரு சின்ன புரொடக்‌ஷன் போர்டு இருக்கும்ல அது கட் பண்ணிடும்னு சிலர் சொல்றாங்க, அது பெரும்பாலும் 4.3 வோல்ட்கிட்டதான் முழிக்கும், அது எல்லாம் கைவிட்டுப் போனப்புறம் கடைசியா காப்பாத்தறதுக்கு வச்சது, தினமும் அதை நம்பி சார்ஜ் பண்றதுக்கு வச்சது இல்ல. டூப்ளிகேட் பேட்டரியா இருந்தா அந்த போர்டே உள்ள இருக்கும்னு சொல்ல முடியாது.

நான் இதுல கத்துக்கிட்ட விஷயம்னா அது ஒண்ணுதான், கரண்ட் குடுக்கறது சுலபம், எங்க நிறுத்தணுமோ அங்க கரெக்டா நிறுத்தறதுதான் சார்ஜரோட மொத்த வேலையும். மத்த எல்லாம் அதைச் சுத்தி கட்டுற பெட்டிதான்.

ஏன் 4.2ங்கிறதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன், இது தெரிஞ்சா அப்புறம் யாரும் அந்த கேபிள் வேலையைப் பண்ண மாட்டாங்க. பழைய போன் பேட்டரிகள்ல பிளஸ் பக்கம் இருக்குறது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு, 1980ல ஜான் குட்இனஃப் குழு கண்டுபிடிச்சது, அதை வச்சு 1991ல சோனி முதல்முதலா விக்கிற மாதிரி பேட்டரி கொண்டுவந்தாங்க, இந்த வகை பேட்டரியை உருவாக்குனதுக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோன்னு மூணு விஞ்ஞானிகளுக்கு 2019ல நோபல் குடுத்தாங்க. மைனஸ் பக்கம் கிராஃபைட். சார்ஜ் பண்றதுன்னா பிளஸ் பக்கத்துல இருக்குற லித்தியத்தை உருவி கிராஃபைட் அடுக்குக்குள்ள சொருகறது, அவ்ளோதான். 4.2 வோல்ட் வரும்போது கோபால்ட் ஆக்சைடுல இருந்து ஏறக்குறைய பாதி லித்தியம் வெளிய வந்திருக்கும். அதுக்கு மேலயும் உருவினா அந்தப் பொருளோட கட்டமைப்பே நிலை குலைய ஆரம்பிக்கும், ரொம்ப சூடாச்சுன்னா ஆக்ஸிஜனை வெளிய விடும், இன்னொரு பக்கம் கிராஃபைட்டுக்குள்ள நுழைய இடமில்லாத லித்தியம் மேலயே உலோகமா படியும். உள்ள இருக்குற எலக்ட்ரோலைட் எரியக்கூடிய திரவம். எரியுற திரவம், ஆக்ஸிஜன், சூடு, மூணும் ஒரே உறைக்குள்ள. இதை மனசுல வச்சுக்கிட்டா போதும்.

அதனால சார்ஜ் ரெண்டு கட்டமா நடக்கும். முதல்ல கரண்டை ஒரே அளவுல வச்சு ஏத்தணும், வோல்டேஜ் மெதுவா ஏறிட்டே வரும், 4.2 தொட்டதும் வோல்டேஜை அங்கயே புடிச்சு வச்சுக்கிட்டு கரண்டை தானா குறைய விடணும். குடத்துல தண்ணி புடிக்கும்போது கழுத்து வரைக்கும் குழாயை முழுசா திறந்து வச்சிருந்துட்டு அப்புறம் சிறுசாக்கி நிரப்புவோம்ல, அதே கதைதான். கரண்ட் ஆரம்பத்துல இருந்ததுல பத்துல ஒரு பங்கு ஆனதும் முழுசா நிறுத்திடணும். நிக்கல் பேட்டரிக்கு பண்ற மாதிரி ஃபுல் ஆனப்புறமும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டே இருக்குற பழக்கம் லித்தியத்துக்கு ஆகாது.

இந்த வேலை மொத்தத்தையும் ஒரு சின்ன சில்லு பார்த்துக்குது, டிபி4056. எலக்ட்ரானிக்ஸ் பாகம் விக்கிற எந்த இடத்துலயும் கிடைக்கும், கட்டைவிரல் நகத்தைவிட கொஞ்சம் பெரிய நீல போர்டுல எல்லாம் வச்சே வரும், ஒரு பக்கம் யூஎஸ்பி சாக்கெட், இன்னொரு பக்கம் பி பிளஸ், பி மைனஸ்னு ரெண்டு துளை. சார்ஜ் ஏறும்போது செகப்பு லைட், முடிஞ்சதும் நீலமோ பச்சையோ. 4.2 வோல்ட்ல ஒன்றரை சதவீதத்துக்குள்ள நிக்கும்னு அந்த சில்லோட விவரத்தாள் (டேட்டாஷீட்) சொல்லுது, அதாவது 4.14ல இருந்து 4.26க்குள்ள. பேட்டரி 2.9 வோல்ட்டுக்கு கீழ இருந்தா முதல்ல பத்துல ஒரு பங்கு கரண்ட்ல மெதுவா எழுப்பிட்டு அப்புறம்தான் முழு கரண்டுக்கு போகும். சூடு ரொம்ப ஏறினா கரண்டை தானே குறைச்சுக்கும்.

மாட்யூல்னு சொல்ற இந்த நீல போர்டு ரெண்டு விதமா வரும். ஒண்ணுல டிபி4056 மட்டும், இன்னொண்ணுல கூடவே புரொடக்‌ஷனுக்காக டிடபிள்யூ01ங்கிற ஐசியும் அது சொன்னா கரண்டை வெட்டுற 8205 மாஸ்ஃபெட்டும் இருக்கும், அதுல அவுட் பிளஸ், அவுட் மைனஸ்னு இன்னும் ரெண்டு துளை இருக்கும். போன் பேட்டரிக்கு உள்ளயே புரொடக்‌ஷன் இருக்குறதால முதல் வகையே போதும், ரெண்டாவது வகை வாங்கினாலும் தப்பில்ல, காவல் ரெண்டு அடுக்கா ஆகுது அவ்ளோதான், ஆனா பேட்டரியை பி பிளஸ், பி மைனஸ்லதான் குடுக்கணும், அவுட்ல குடுக்கக் கூடாது, அது பேட்டரில இருந்து கரண்ட் எடுத்துக்குற கருவிக்கு போற வழி.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். மாட்யூல் கடையில இருந்து வரும்போது 1 ஆம்பியருக்கு செட் பண்ணி வரும். பட்டன் போன் பேட்டரி 800, 1000 எம்ஏஎச்தான் இருக்கும், அதுக்கு 1 ஆம்பியர் ஜாஸ்தி. பேட்டரி எத்தனை எம்ஏஎச்சோ அதுல பாதி கரண்ட்ல ஏத்துனா நல்லது, பழைய பேட்டரின்னா இன்னும் குறைவு. மாத்தறது கஷ்டமே இல்ல, ஐசியோட ரெண்டாவது காலுக்குப் பக்கத்துல ஒரு குட்டி ரெசிஸ்டர் இருக்கும், மேல 122ன்னு போட்டிருக்கும், 12க்குப் பின்னாடி ரெண்டு சைபர், 1200 ஓம். கணக்கு என்னன்னா 1200ஐ அந்த ரெசிஸ்டரோட ஓம் மதிப்பால வகுத்தா வர்றது ஆம்பியர். 1200 ஓம் வச்சா 1 ஆம்ப், 2400 வச்சா அரை ஆம்ப், 4000 வச்சா 300 மில்லிஆம்ப், 10000 வச்சா 120, 130 கிட்ட. நான் 2.4 கிலோ ஓம் வச்சேன். சால்டரிங் அயர்ன் முனையில கொஞ்சம் ஈயம் எடுத்து ரெசிஸ்டரோட ரெண்டு முனையையும் ஒரே நேரத்துல நனைக்கிற மாதிரி தொட்டா அது வழுக்கிட்டு அயர்ன் முனையோடவே வந்துடும், இழுக்கவோ நெம்பவோ கூடாது, நெம்புனா போர்டுல இருக்குற செம்பு சேர்ந்து உரிஞ்சிடும். புது ரெசிஸ்டரும் அதே குட்டி சைஸ்ல கிடைக்கலன்னா சாதா கால் வச்ச ரெசிஸ்டரையே காலை ஒட்ட வெட்டி மேல படுக்க வச்சு சால்டர் பண்ணிக்கலாம், பார்க்க அழகா இருக்காது, வேலை அப்படியே செய்யும்.

கரண்டை குறைச்சா இன்னொரு லாபமும் இருக்கு. இந்த ஐசி லீனியர் வகை, மிச்ச வோல்டேஜை சூடா மாத்தி வெளிய தள்ளும். பேட்டரி 3.7ல இருக்கு, உள்ள வர்றது 5 வோல்ட், 1 ஆம்ப் போகுதுன்னா 1.3 வாட் சூடு அந்த அரிசி சைஸ் ஐசில. விரல் வைக்க முடியாது. அரை ஆம்ப்ன்னா 0.65 வாட், வெதுவெதுன்னு இருக்கும்.

அடுத்தது பேட்டரியோட கால்கள். ரெண்டு இருக்கவேண்டிய இடத்துல மூணு, நாலு தகடு இருக்கும், இதைப் பார்த்துதான் நிறைய பேர் பயந்து விட்டுடறாங்க. பிளஸ், மைனஸ் ரெண்டும் பேட்டரி மேலயே அச்சு போட்டிருக்கும், லேபிள் கிழிஞ்சிருந்தா மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசில வச்சு தகடு தகடா தொட்டுப் பாருங்க, 3லயிருந்து 4.2க்குள்ள எந்த ரெண்டுக்கு நடுவுல வருதோ அதான், மீட்டர்ல மைனஸ் குறி வந்தா புரோபை மாத்திப் புடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். நடுவுல இருக்குறது பெரும்பாலும் தெர்மிஸ்டர், சூட்டுக்கு ஏத்தபடி ரெசிஸ்டன்ஸ் மாறுற பாகம், பேட்டரி சூட்டை போனுக்கு சொல்றதுக்கு, சில பேட்டரில அது இது இன்ன பேட்டரின்னு போன் தெரிஞ்சுக்கறதுக்கு வச்ச ரெசிஸ்டர்.

எதுன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. முதல்ல நடு தகட்டுக்கும் மைனஸுக்கும் நடுவுல வோல்டேஜ் எதுவும் இல்லைன்னு பார்த்துக்கிட்டு அப்புறம் மீட்டரை ஓம்ல வச்சு அதே ரெண்டு தகட்டைத் தொடுங்க. எனக்கு 10 கிலோ ஓம் பக்கத்துல காட்டுச்சு. புரோபை எடுக்காம உள்ளங்கையை பேட்டரி மேல நல்லா அழுத்தி வச்சுட்டு மீட்டரையே பார்த்துட்டு இருந்தா நம்பர் மெதுவா 9.8, 9.5, 9.1ன்னு இறங்கிட்டே வரும், கையை எடுத்தா திரும்ப ஏறும். அப்படி ஏறி இறங்குனா தெர்மிஸ்டர், எவ்ளோ நேரம் புடிச்சாலும் நம்பர் அசையலன்னா அடையாள ரெசிஸ்டர். எனக்கு இந்த மொத்த வேலையிலயே ரொம்பப் புடிச்ச இடம் இதுதான், வெறும் தகடுன்னு நினைச்சது நம்ம கை சூட்டுக்கு பதில் சொல்லுது. சார்ஜருக்கு இந்த நடு தகடு கட்டாயம் இல்ல, அதைத் தொடாமலே விட்டுடலாம்.

ஆனா ஆசை இருந்தா அதையும் பயன்படுத்தலாம். டிபி4056ல முதல் கால் டெம்பரேச்சருக்குன்னே இருக்கு, மாட்யூல்ல அதை கிரவுண்டோட இணைச்சு செயலிழக்க வச்சிருப்பாங்க. அந்தக் காலை மட்டும் தூக்கிவிட்டு, ரெண்டு ரெசிஸ்டர் வச்சு தெர்மிஸ்டரோட இணைச்சா, அந்தக் கால்ல வர்ற வோல்டேஜ் சப்ளைல 45 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவுல இருக்குற வரைக்கும்தான் சார்ஜ் பண்ணும், வெளிய போனா நிறுத்திடும். பேட்டரி ரொம்ப சூடானாலும் நிக்கும், ரொம்ப குளிர்ந்தாலும் நிக்கும். குளிர்லயும் நிக்கணுமான்னு கேட்டா, ஆமா, 0 டிகிரிக்கு கீழ சார்ஜ் பண்ணா லித்தியம் கிராஃபைட்டுக்குள்ள போகாம மேலயே உலோகமா படிஞ்சிடும். காலைத் தூக்கறது கண்ணு நல்லா தெரியறவங்க, கை நடுங்காதவங்க செய்யவேண்டிய வேலை, முதல் சார்ஜர்லயே இதை முயற்சி பண்ண வேணாம்.

பேட்டரியை வைக்கிற தொட்டிலுக்கு வருவோம், எலக்ட்ரானிக்ஸைவிட இதுக்குத்தான் நேரம் போச்சு. முதல் விதி, பேட்டரி தகட்டுல நேரடியா சால்டர் பண்ணவே கூடாது. அந்தத் தகட்டுக்குப் பின்னாடியே புரொடக்‌ஷன் போர்டு, அதுக்குப் பின்னாடியே செல், 350 டிகிரி அயர்னை அங்க வச்சா உள்ள என்ன உருகுதுன்னு நமக்குத் தெரியாது. அதனால அழுத்திப் புடிக்கிற ஸ்பிரிங் தொடர்புதான் வேணும். ரெண்டு வழி இருக்கு. ஸ்பிரிங் வச்ச பொகோ பின் தனியாவே கிடைக்குது, அதை டாட் போர்டுல, அதாவது வரிசையா துளை போட்ட போர்டுல, சால்டர் பண்ணி, ஒரு மரக்கட்டையிலயோ அக்ரிலிக்லயோ செங்குத்தா நிறுத்தி, எதிர்பக்கம் பேட்டரியை அழுத்துற மாதிரி ஒரு தடுப்பு வச்சா முடிஞ்சது. தகடுகளுக்கு நடுவுல எவ்ளோ இடைவெளின்னு அளந்துட்டு இருக்காதீங்க, பேட்டரியையே போர்டு மேல வச்சு பென்சில்ல குறிச்சுக்கோங்க.

எனக்குப் புடிச்சது இன்னொரு வழி, அதே மாடல் செத்த போன் ஒண்ணு கிடைச்சா அதோட பேட்டரி குழியையே தொட்டிலா வச்சுக்கறது. அளவு கச்சிதமா இருக்கும், ஸ்பிரிங் கனெக்டரும் அங்கயே இருக்கும், எல்லாத்துக்கும் மேல பேட்டரியைத் திருப்பி வைக்கவே முடியாது. அது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்றேன், சாதா டிபி4056 மாட்யூல்ல பேட்டரியை தலைகீழா குடுத்தா தாங்குற பாதுகாப்பு இருக்காதுன்னே எடுத்துக்கணும், ஒரு நொடில ஐசி போயிடும், கூடவே சூடும் புகையும். பொகோ பின் வச்சு செய்யுறவங்க ஒரு ஓரத்துல சின்ன முட்டு ஒண்ணு ஒட்டி, சரியான பக்கமா வச்சா மட்டும்தான் பேட்டரி உக்காரும்ங்கிற மாதிரி பண்ணிடுங்க, கவனமா இருந்துக்கலாம்னு விடாதீங்க, தூக்கக் கலக்கத்துலயும் கரண்ட் போன இருட்டுலயும் வைக்கறதும் நாமதான்.

செத்த போன்ல ஒரு விஷயம் கவனிக்கணும், கனெக்டர் போர்டோட சேர்ந்தே இருக்கட்டும்னு விட்டு அதோட கால்ல ஒயர் வச்சுட்டா செத்த போர்டும் சேர்ந்து கரண்ட் உறிஞ்சும். அப்படி உறிஞ்சுனா கரண்ட் பத்துல ஒரு பங்குக்கு இறங்கவே இறங்காது, ஐசிக்கு எப்ப முடிஞ்சதுன்னே தெரியாது, பேட்டரி மணிக்கணக்கா 4.2லயே தொங்கிட்டு இருக்கும். அதனால கனெக்டரைச் சுத்தி போர்டை சின்ன ரம்பத்துல அறுத்து துண்டா எடுத்துட்டேன். அறுக்கும்போது கண்ணாடி நார் தூள் பறக்கும், முகக்கவசம் போட்டுக்கிட்டு, தண்ணி தொட்டு அறுங்க. அறுத்தப்புறம் கால்களுக்கு நடுவுல ஷார்ட் இல்லைன்னு மீட்டர்ல பார்த்துட்டுத்தான் ஒயர் வைக்கணும். பிளஸ் ஒயர்ல ஒரு பாலிஃபியூஸ், கரண்ட் அளவுக்கு மீறினா தானா தடுத்துட்டு அப்புறம் பழைய நிலைக்கு வர்ற ஃபியூஸ், போட்டிருக்கேன், ஐசியோ ஒயரோ எங்க ஷார்ட் ஆனாலும் பேட்டரியோட முழு பலமும் அங்க பாயாம இருக்கறதுக்கு.

தொடர்புல கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருந்தா கெட்டுடுமான்னு கேப்பாங்க. 0.2 ஓம் இருக்குன்னு வச்சுக்கோங்க, அரை ஆம்ப் போகும்போது 0.1 வோல்ட் அங்கயே விழுந்திடும், ஐசி 4.2ன்னு நினைக்கும்போது பேட்டரில 4.1தான் இருக்கும். ஆனா கரண்ட் குறையக் குறைய அந்த இழப்பும் குறையும், 50 மில்லிஆம்ப் வரும்போது 0.01 வோல்ட்தான். கடைசில சரியாத்தான் நிரம்பும், கொஞ்சம் நேரம் கூடுதலா ஆகும், அவ்ளோதான், ஆபத்து இல்ல. தகடு அழுக்கா இருந்தா பென்சில் அழிக்கிற ரப்பர்ல தேய்ச்சாலே பளிச்னு ஆகிடும்.

பேட்டரி வைக்கறதுக்கு முன்னாடி வெறும் சார்ஜருக்கு யூஎஸ்பி குடுத்து ஸ்பிரிங் பின்னுல மீட்டர் வச்சுப் பாருங்க, பிளஸ் பிளஸ்ஸா இருக்கணும், வோல்டேஜ் 4.2 பக்கத்துல காட்டும், கொஞ்சம் ஆடலாம், பேட்டரி இல்லாதப்ப செகப்பு லைட் மினுக்கறதும் சகஜம். டைப் சி சாக்கெட் வச்ச சில மாட்யூல்ல ரெண்டு பக்கமும் சி இருக்குற கேபிள் போட்டா உயிரே வராது, போர்டுல வைக்கவேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைக்காம விட்டிருப்பாங்க, சாதா யூஎஸ்பி ஏ முனை இருக்குற கேபிள் போட்டா வேலை செய்யும், மாட்யூல் செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

முதல் சார்ஜ் முடியுற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருங்க. நான் சார்ஜரை ஒரு பீங்கான் தட்டுல வச்சு, சுத்தி எரியுற பொருள் எதுவும் இல்லாம பார்த்துக்கிட்டு, அப்பப்ப பேட்டரில வோல்டேஜை பார்த்துட்டே இருந்தேன். 3.6ல ஆரம்பிச்சுது, 3.7, 3.8 தாண்டறதுக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்குச்சு, அப்புறம் 4 தாண்டினதும் சீக்கிரமே 4.2 கிட்ட போய் அங்க அசையாம நின்னுது, செகப்பு லைட் மட்டும் எரிஞ்சுட்டே இருந்துச்சு, அந்த நேரத்துலதான் கரண்ட் இறங்கிட்டு இருக்கும். லைட் மாறினதும் 4.19 காட்டுச்சு. பேட்டரி கைக்கு வெதுவெதுப்பு கூட இல்ல. 1000 எம்ஏஎச் பேட்டரிக்கு அரை ஆம்ப்ல ரெண்டரை மணி நேரம் போல ஆகும். எடுத்து தனியா வச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க, 4.15க்கு மேல நின்னா செல் நல்லா இருக்கு, சர்ருனு 4க்கு கீழ இறங்கிட்டா அந்த பேட்டரி வயசாகி முடியப் போகுது.

போனுக்குள்ள சார்ஜ் பண்றதைவிட ஒரு வகையில இது சுத்தமான முறைன்னு கூட சொல்லுவேன், பேட்டரி மட்டும் தனியா இருக்கு, வேற எதுவும் கரண்ட் இழுக்கல, எப்ப நிறுத்தணும்ங்கிறது ஐசிக்கு துல்லியமா தெரியுது.

பூஜ்யம் காட்டுற பேட்டரி பத்தி நிறைய கேள்வி வரும். ரொம்ப நாள் டிராயர்ல கிடந்த பேட்டரில மீட்டர் 0 காட்டுனா செல் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, உள்ள புரொடக்‌ஷன் போர்டு கதவைச் சாத்தியிருக்கும், சார்ஜர்ல வச்சா பெரும்பாலும் திறந்துக்கும், அப்ப உண்மையான வோல்டேஜ் தெரியும். 2.5க்கு மேல இருந்து, மெதுவா ஏறி சில நிமிஷத்துல 3 தாண்டுனா பிழைச்சுக்கும். 2 வோல்ட்டுக்கு கீழ மாசக்கணக்கா கிடந்ததுன்னா விட்டுடுங்க. அவ்ளோ கீழ போனா கிராஃபைட்டைத் தாங்குற செம்புத் தகடே எலக்ட்ரோலைட்ல கரைய ஆரம்பிக்கும், திரும்ப சார்ஜ் பண்ணும்போது அந்த செம்பு கண்ட இடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகும். வெளிய ஒண்ணுமே தெரியாது. புரொடக்‌ஷனை பைபாஸ் பண்ணி ஷாக் குடுத்து எழுப்பறேன்னு காட்டுறவங்க பேச்சைக் கேக்காதீங்க.

உப்பிப்போன பேட்டரியும் அப்படித்தான். மேசை மேல படுக்க வச்சு விரலால சுண்டி விட்டா பம்பரம் மாதிரி சுத்துச்சுன்னா நடுவுல உப்பியிருக்கு, உள்ள கேஸ் சேர்ந்திருக்கு, அதுக்கு சார்ஜர் எதுவும் ஏத்தது இல்ல. குத்தி காத்தை இறக்குறதெல்லாம் தற்கொலை வேலை. நல்ல கம்பெனி பேட்டரிலயே பிரச்சனை வந்திருக்கு, 2007ல நோக்கியா பிஎல் 5சி பேட்டரில மட்சுஷிதாங்கிற ஜப்பான் கம்பெனி தயாரிச்ச 4 கோடியே 60 லட்சம் பேட்டரிக்கு எச்சரிக்கை விட்டாங்க, சார்ஜ் ஆகும்போது உள்ள ஷார்ட் ஆகி சூடாகலாம்னு. எந்தக் காலத்து பேட்டரின்னே தெரியாததை நாம இன்னைக்கு எடுத்து சார்ஜ் போடறோம், அதனால ராத்திரி போட்டுட்டு தூங்கறது, வெளிய கிளம்பிப் போறது ரெண்டும் வேணாம்.

எல்எம்317ங்கிற பழைய வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி வச்சு செய்யலாமேன்னு பழைய ஆளுங்க கேப்பாங்க. செய்யலாம், 240 ஓமும் 570 ஓம் கிட்டயும் வச்சா 4.2 வந்துடும், ஆனா அது வேலை செய்ய உள்ள வர்ற வோல்டேஜ் 2, 3 வோல்ட் கூடுதலா வேணும், யூஎஸ்பி 5 வோல்ட் பத்தாது, கரண்டுக்கு தனியா கட்டுப்பாடு வைக்கணும், முடிஞ்சதும் நிறுத்தவும் நிறுத்தாது. வோல்டேஜையும் கரண்டையும் நாமளே திருகி செட் பண்ற பெஞ்ச் பவர் சப்ளை வச்சிருந்தா 4.2 வோல்ட், அரை ஆம்ப்னு செட் பண்ணி கூடவே உக்காந்து ஒரு பேட்டரியை ஏத்திக்கலாம், அவசரத்துக்கு சரி.

இன்னொரு முக்கியமான வேறுபாடு, பேட்டரி லேபிள்ல 3.7 வோல்ட்னு இருந்தா ஃபுல் 4.2. சில ஆண்ட்ராய்டு போன் பேட்டரில 3.8, 3.85னு இருக்கும், பக்கத்துலயே சார்ஜ் வோல்டேஜ் 4.35, 4.4ன்னு போட்டிருக்கும். அதை இந்த 4.2 சார்ஜர்ல போடறது முழுக்க பாதுகாப்புதான், ஃபுல்லா ஏறாது, போன்ல போட்டா 80, 90 பர்சன்ட்னு காட்டும், அதுல பேட்டரி ஆயுள் கூடத்தான் செய்யும். தலைகீழா பண்றதுதான் ஆபத்து, 4.35 சார்ஜர்ல 3.7 பேட்டரியை வைக்கக் கூடாது. முழுசா ஏத்தியே ஆகணும்னா மைக்ரோசிப்போட எம்சிபி73831 ஐசில 4.2, 4.35, 4.4ன்னு தனித்தனி வகை இருக்கு, அதிகபட்சம் 500 மில்லிஆம்ப், கணக்கு 1200க்குப் பதில் 1000. ரெண்டு சார்ஜரும் வச்சிருந்தா மேல பெருசா எழுதி ஒட்டிடுங்க, தொட்டிலும் வேற வேற வடிவத்துல இருக்கட்டும்.

போனுக்குள்ளயே ஒட்டி வர்ற, கழட்ட முடியாத பேட்டரிக்கு இதையெல்லாம் செய்யாதீங்க. அதுக்கு மேல கெட்டி உறை கிடையாது, வெறும் மெல்லிசு அலுமினியப் பைதான், நெம்பி எடுக்கும்போதே ஓட்டை விழும்.

ஸ்பேர் பேட்டரியை எடுத்து வைக்கறதா இருந்தா ஃபுல்லா ஏத்தி வைக்காதீங்க, 3.7, 3.8 வோல்ட்ல, அதாவது பாதி சார்ஜ்ல, குளிர்ச்சியான இடத்துல வச்சு சில மாசத்துக்கு ஒரு தடவை மீட்டர்ல பாருங்க. செத்ததை குப்பைத் தொட்டில போடாம, தகடுகள் மேல டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கிற இடத்துல குடுத்துடுங்க, சாவியோட சில்லறையோட ஒரே பையில போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க.